ஃபைவ் எச்.பி.க்கு வெற்றிலை பாக்கு

எங்கள் பக்கத்தில் போனில் கூப்பிட்டால் அது அழைப்பு ஆகாது, தகவல்தான். வீட்டுக்கு வந்து, உட்கார்ந்து, ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்து நீட்டினால்தான் அழைப்பு. கல்யாணம், காதுகுத்து, புது வீடு குடிபோவது எதுவானாலும் இதுதான் சட்டம். ஒரு ராக் பேண்டின் கச்சேரிக்கு இந்தச் சட்டம் செல்லுமா, செல்லாதா என்று எங்கள் வீட்டில் பெரிய சண்டையே நடந்தது. செல்லும் என்று தீர்ப்பு எழுதியது நான். அப்போது ஐந்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன்.

அப்பாவுக்குச் சிங்காநல்லூரில் மோட்டார் பம்புப் பட்டறை. புகைந்துபோன மோட்டாரைப் பிரித்து, செப்புக்கம்பியால் காயில் சுற்றி, தண்ணீர் எடுக்கிறதா என்று பார்த்து அனுப்பும் மனிதர். ஆனால் அதற்கும் முன்னால், பீளமேட்டில் இன்ஜினியரிங் படித்த காலத்தில், தலைமுடியைத் தோள்வரை விட்டுக்கொண்டு கிடார் வாசித்துப் பாடியவர். பேண்டின் பெயர் ஃபைவ் எச்.பி. கோயமுத்தூர்க்காரர்களுக்கு வேறென்ன பெயர் தோன்றும்? ஐந்து பேர், ஐந்து குதிரைத்திறன். படிப்பு முடிந்த பிறகும் கல்யாண வரவேற்புகளில் மேடை ஏறினார்கள். இங்கிலீஷ் பாட்டை விடாப்பிடியாகப் பாடி, பந்தியில் இருந்தவர்களைச் சீக்கிரம் எழுப்பினார்கள் என்பது அம்மாவின் கட்சி.

அந்த ஐவரில் இரண்டு பேர் அமெரிக்கா போய்விட்டார்கள். டிரம்ஸ் வாசித்தவர் கோபித்துக்கொண்டு விலகிவிட்டார். மிஞ்சியது அப்பாவும், பேஸ் கிடார் வாசிக்கும் பாய் மாமாவும்தான். பாய் மாமாவுக்குக் கோட்டைமேட்டில் ஜவுளிக்கடை. இரண்டு பேரும் மாதத்தில் ஒரு ஞாயிறு பட்டறையில் உட்கார்ந்து வாசிப்பார்கள். "அஞ்சு எச்.பி. மோட்டாரு இப்ப ரெண்டு எச்.பி.ல ஓடுது" என்று அம்மா கிண்டல் செய்வாள்.

விலகிப்போன டிரம்ஸ்காரர் வேறு யாருமல்ல, அம்மாவின் அண்ணன். என் தாய்மாமன். கல்லூரியில் சும்மா மச்சான், மாப்ள என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மாமா தன் தங்கையையே அப்பாவுக்குக் கட்டிக் கொடுத்து அதை உண்மையாக்கிவிட்டார். பிறகு நான் பிறந்த சமயத்தில் ஒரு வரவேற்பு மேடையில், பாட்டின் நடுவே மாமாவின் அடி எங்கேயோ தனியாகப் போயிருக்கிறது. அப்பா பாட்டை நிறுத்தி, திரும்பி, மைக்கிலேயே, "ஏனுங்க மச்சான், தூங்கிப்போட்டீங்களா?" என்று கேட்டுவிட்டார். மண்டபமே சிரித்தது. மாமா குச்சிகளை டிரம் மேல் வைத்துவிட்டு இறங்கியவர்தான். கோபிசெட்டிபாளையத்தில் அரிசி மில்லைப் பார்த்துக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டார்.

உறவு முறியவில்லை. பொங்கலுக்கு அரிசி வரும், தீபாவளிக்குச் சீர் வரும். என் காதுகுத்துக்கு அவர் மடியில்தான் உட்கார்ந்தேன். ஆனால் பாட்டு என்ற பேச்சு மட்டும் கிடையாது.

இந்த நிலையில்தான் கல்லூரியின் பழைய மாணவர் கூட்டத்துக்கு ஃபைவ் எச்.பி. மறுபடி வாசிக்க வேண்டும் என்று கேட்டு ஆள் வந்தது. அமெரிக்காக்காரர்கள் வர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். மிச்சம் மாமா. அவரைக் கூப்பிடுவதா வேண்டாமா?

"எதுக்குங்கறேன்? டிரம்ஸுக்கு இப்ப மிஷினு வந்திருச்சு. பட்டனத் தட்டுனா அதுவே அடிச்சுக்கும்" என்றார் அப்பா.

"மிஷின வெச்சு அடிச்சா அது ஃபைவ் எச்.பி. இல்லப்பா, மாவு மில்லு" என்றார் பாய் மாமா.

"போனவங்களப் போட்டு இழுக்கக் கூடாது. போனா போனதுதான்."

சமையலறையில் ஒரு மூடி டமால் என்று விழுந்தது. தானாக விழவில்லை. அம்மா கரண்டியோடு வெளியே வந்தாள். "என்ற அண்ணன் இல்லாம நீங்க எப்படி மேடை ஏறுவீங்கன்னு நானும் பாக்கறேனுங்க."

தொல்லை தாங்காமல் அப்பா போன் போட்டார். மாமா எப்போதும் போனை எடுக்க மாட்டார், அத்தைதான் எடுப்பாள். பெரிய மனிதர்கள் அப்படித்தான் இருப்பார்கள் என்று நான் நினைத்திருந்தேன். அத்தை ஏதோ சொன்னாள். "வரமாட்டாராம்" என்று அப்பா போனை வைத்தார். வைத்துவிட்டு அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டார். அதை நான் பார்த்துவிட்டேன். எனக்கு வந்ததே கோபம்! தப்பும் செய்துவிட்டு, கூப்பிடவும் மனமில்லாமல், வரமாட்டேன் என்றதும் நிம்மதி வேறு! இந்த மனுஷருக்கு எவ்வளவு திமிர் என்று நினைத்தேன்.

"போன்ல கூப்பிட்டா எந்த மானஸ்தன் வருவான்? வெத்தல பாக்கு வெச்சுக் கூப்பிடோணுமுங்க" என்றாள் அம்மா.

"பேண்டுக்கு எதுக்கு அம்மணி வெத்தல பாக்கு? பொண்ணா குடுக்கறாங்க?"

"பொண்ணு குடுத்தவருதானுங்க அவரு!"

அப்படியும் அப்பா கோபிக்குக் கிளம்பவில்லை. நீயே போய்க் கூப்பிடேன் என்று நான் அம்மாவிடம் சொன்னேன். அது செல்லாதாம். கூடப் பிறந்தவள் கூப்பிட்டால் அது அழைப்பு இல்லை, ஆசை. அழைப்பு அப்பா வீட்டு ஆளிடமிருந்து வரவேண்டும். அப்பா வீட்டு ஆள் என்றால் யார்? அப்பா கூட்டத்தை, அதாவது குலத்தைச் சேர்ந்தவர்கள். நான் எந்தக் கூட்டம்? அப்பா கூட்டம். எனக்கு அதற்குமேல் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

காலாண்டு விடுமுறைக்கு அம்மாவோடு கோபிக்குக் கிளம்பும்போது, மார்க்கெட்டில் வெற்றிலையும் பாக்கும் வாங்கி, ஈரத்துணியில் சுற்றி என் பைக்குள் துணிக்கு அடியில் வைத்துக்கொண்டேன். காந்திபுரத்தில் பஸ் ஏறியதிலிருந்து இறங்கும்வரை பையை மடியை விட்டு இறக்கவில்லை. பழம் மட்டும் வாங்கவில்லை. வாழைத்தோட்டம் சூழ்ந்த கோபிக்கு யாராவது வாழைப்பழம் கொண்டுபோவார்களா?

மாமாவை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஊருக்கே கேட்கிற மாதிரிப் பேசுவார். மில்காரர்கள் எல்லாருமே அப்படித்தான். நான் விளையாடிக்கொண்டே பதில் சொன்னால் மட்டும் பிடிக்காது. "மொகத்தப் பாத்துப் பேசோணும் கண்ணு" என்று தாடையைப் பிடித்துத் திருப்புவார். மில்லின் மாடி அறையில் கோணிச்சாக்குக்கு அடியில் அவருடைய பழைய டிரம்ஸ் இருந்தது. முந்தின வருடம் நான் திருட்டுத்தனமாக அதைத் தட்டியபோது வந்து நின்றார். திட்டுவார் என்று பயந்தேன். அவரோ டிரம்மின் தோல் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, "இன்னும் ஓங்கி அடி" என்றார். நான் அடிக்க அடிக்க, கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்த நாளிலிருந்தே மாமா மறுபடி வாசித்தாக வேண்டும் என்று நான் முடிவு செய்திருந்தேன்.

கோபியில் மாமா மதியச் சாப்பாட்டுக்கு வந்து உட்கார்ந்ததும், அத்தையின் எவர்சில்வர் தட்டை எடுத்து வெற்றிலை பாக்கை அடுக்கினேன். அவர்கள் வீட்டுத் தாரிலேயே இரண்டு பழத்தைப் பிய்த்து மேலே வைத்தேன். அவர் முகத்துக்கு நேராகப் போய் நின்று, கல்யாணத்துக்கு அழைக்க வருகிறவர்கள் சொல்வதைப் போலவே சொன்னேன்.

"ஏனுங்க மாமா, நம்மூட்டுல கச்சேரி வெச்சிருக்கறோமுங்க. நீங்க குடும்பத்தோட வந்து, முன்ன நின்னு, டிரம்ஸ் அடிச்சு நடத்திக் குடுக்கோணுமுங்க."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அத்தை சிரிக்கவில்லை. மாமாவுக்கு எதிரில் போய் நின்று, "வேண்டாமுங்க. அண்ணன்கிட்ட நான் சொல்லிக்கறேனுங்க" என்றாள். அப்பாவைத்தான் அவள் அண்ணன் என்பாள். சொல்லும்போதே கண் கலங்கியிருந்தது. பழைய அவமானத்தை நினைத்துத்தான் என்று எனக்குப் பட்டது.

மாமா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் நகரவில்லை. கை கடுத்தது. வாங்கும்வரை இறக்குவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் அவர் எழுந்து கைகழுவி, துண்டில் துடைத்துக்கொண்டு வந்து, இரண்டு கையாலும் தட்டை வாங்கினார்.

"பொண்ணு கொண்டாந்த வெத்தலையத் திருப்பி அனுப்பற பழக்கம் நம்மூட்டுல இல்ல" என்று அத்தையிடம் சொன்னார். என்னிடம், "உன்ற அப்பன்கிட்டச் சொல்லு. நான் வாரேன்" என்றார்.

வெற்றி வீராங்கனையாக ஊர் திரும்பினேன். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் பிசைந்த கை நின்றுவிட்டது.

"தட்ட அவரே கையில வாங்குனாரா?"

"ரெண்டு கையிலயும் வாங்குனாருங்கப்பா."

திட்டு விழும் என்று எதிர்பார்த்தேன். அப்பா சோற்றை மறுபடி பிசைய ஆரம்பித்தார். பிறகு, "செரி. வாங்குனா வாங்குனதுதான். அவரு அடிச்சே ஆகோணும்" என்றார். யாருக்கோ சவால் விடுகிற மாதிரி இருந்தது. மறுநாள் பட்டறையைத் திறக்காமல் கோபிக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் மாமா வந்தார். பட்டறை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஒத்திகை. எனக்கும் அம்மாவுக்கும் அனுமதி இல்லை. வெளியே நின்று கேட்டால் ஒரே பாட்டு தொடங்கும், நிற்கும், தொடங்கும், நிற்கும். பாத்திரக் கடையில் மாடு புகுந்த மாதிரி இருக்கும். டீ குடிக்க வெளியே வரும் பாய் மாமா, "வருது, வருது" என்று மட்டும் சொல்வார். அமெரிக்காக்காரர்களைப் போல இவர்களும் வர முடியாது என்று சொல்லியிருக்கலாம் என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். மூவரும் விடவில்லை. நாலைந்து ஞாயிறு போனதும் பாட்டு நிற்காமல் ஓட ஆரம்பித்தது.

கச்சேரிக்கு முந்தின நாள் அப்பா ஒரு ஜோடி வெள்ளை ஷூ வாங்கி வந்தார். பால் வெள்ளை. பட்டறையில் கிரீஸ் படிந்த செருப்போடு திரியும் மனிதர்! "இந்த வயசுல இதொண்ணுதான் கொறச்சல்" என்றாள் அம்மா. அப்பா அதைப் போட்டுக்கொண்டு தரையில் தட்டித் தட்டிப் பார்த்தார்.

மறுநாள் சாயங்காலம் கல்லூரி மைதானத்தில் நல்ல கூட்டம். மாமா டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்தார். விளக்குகள் எரிந்தன. அப்பா மேடைக்கு வந்தார், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். மைக்கையும் திருப்பி வைத்துக்கொண்டார். அப்படியே பாட ஆரம்பித்தார்.

முதல் பாட்டு முடியட்டும், திரும்புவார் என்று பார்த்தேன். திரும்பவில்லை. வலது காலை ஓங்கி ஓங்கித் தட்டிக்கொண்டு மாமாவைப் பார்த்தே நின்றார். மாமாவும் தலை நிமிரவில்லை, கீழேயே பார்த்துக்கொண்டு வெளுத்து வாங்கினார். அடி இடி மாதிரி விழுந்தது. நரைத்த தலைகளெல்லாம் எழுந்து ஆடின. ஆனால் நடுநடுவே, "மொகத்தக் காட்டுங்க சாமி!" என்று கத்தினார்கள். பக்கத்தில் இருந்த ஒருவர், "பழைய சண்ட இன்னும் தீரலையாட்ட இருக்குது. மச்சான மொறைச்சுட்டே நிக்கறாரு" என்று சொல்லிச் சிரித்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நான் பாடுபட்டுக் கூட்டிவந்த மாமாவை மேடையில் வைத்தே முறைக்கிறார் இந்த அப்பா!

கடைசிப் பாட்டு முடிந்து கைதட்டல் எழுந்தபோது மாமா குனிந்தபடியேதான் இருந்தார். அப்பா போய் அவர் தோளைத் தொட்டுக் கூட்டத்தைக் காட்டினார். மாமா நிமிர்ந்து பார்த்து, அப்போதுதான் சிரித்தார்.

இப்போது மாமா காதில் மிஷின் மாட்டியிருக்கிறார், யார் கேட்டாலும் கழற்றியே காட்டுகிறார். அன்றைக்கு அது ரகசியம். மில்லின் இரைச்சலும் டிரம்ஸும் சேர்ந்து இரண்டு காதையும் தின்றுவிட்டிருந்தன. முகம் பார்த்தால் பேச்சுப் பிடிபடும், பாட்டு சுத்தமாகக் கேட்காது. வெளியே தெரிந்தால் வியாபாரத்தில் ஏமாற்றிவிடுவார்கள் என்று மறைத்தார். அத்தைக்குத் தெரியும். மைக்கில் கேலி செய்த சில நாளில், மன்னிப்புக் கேட்கப் போன அப்பாவுக்கும் தெரிந்துவிட்டது. தங்கச்சிக்குக்கூடச் சொல்லக் கூடாது என்று மாமா வாக்கு வாங்கிக்கொண்டாராம். அந்த வாக்குக்காக அப்பா இத்தனை வருடம் திமிர் பிடித்தவர் என்ற பெயரோடு எங்கள் வீட்டில் சாப்பிட்டிருக்கிறார். இதையெல்லாம் என் கல்யாணத்துக்கு மாலை எடுத்துக் கொடுக்க வந்த இடத்தில் மாமாதான் சொன்னார். "உன்ற அப்பன் காலப் பாத்துத்தான் கண்ணு அன்னிக்கு அடிச்சேன். இருட்டுல தெரியோணும்னு வெள்ள ஷூ வாங்கிப் போட்டுட்டு வந்தான்."

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அதெல்லாம் எப்படித் தெரியும்? கச்சேரி முடிந்து வீட்டுக்கு வந்ததும் அப்பா நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டினார். வலது கால் வீங்கி, ஷூ கழலவே இல்லை. "சித்த இழுத்து உடு அம்மணி" என்றார். நான் தரையில் உட்கார்ந்து இழுத்தேன். இத்தனை பேர் முன்னால் இப்படியா முதுகைக் காட்டுவது, மாமாவை ஏன் அப்படி முறைத்தீர்கள், உங்களுக்கு வெட்கமே இல்லையா என்று, ஷூ கையோடு வரும்வரை, அவரைத் திட்டிக்கொண்டே இழுத்தேன். அப்பா, "மாமா நல்லா அடிச்சாரா?" என்று மட்டும் கேட்டார்.