சேலையூர்க் கரடி

அந்தக் கீரிக்கு ஒரு காது பாதிதான் இருக்கும். கணுக்காலைத் தொடும் மழைக்கோட்டு, கண்ணை மறைக்கும் தொப்பி, வாயோரம் அணையாத சிகரெட். மழை, மழை, பக்கத்துக்குப் பக்கம் மழை. கறுப்பு மையைக் கொட்டிக் கொட்டி வரைந்த ஊர். முதல் பக்கத்திலேயே பணக்கார வாத்து ஒன்று நாற்காலியில் செத்துக் கிடக்கும். கொன்றவனைத் தேடிக் கீரி நடக்கும், நடந்துகொண்டே இருக்கும். ஒன்பது வயதில் நான் அந்தக் கீரியாகிவிட்டேன். ஏப்ரல் வெயிலில் அப்பாவின் ரெயின்கோட்டைப் போட்டுக்கொண்டு தெரு முழுக்கச் சந்தேகப்பட்டேன்.

அந்தப் படக்கதைப் புத்தகத்தைப் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில், புறாக் கூண்டுகளுக்கும் உடைந்த மிக்ஸிகளுக்கும் நடுவில், அத்தை எனக்கு வாங்கித் தந்தாள். கெட்டி அட்டை. கடைசிச் சில பக்கங்கள் மட்டும் கிழிந்து போயிருந்தன.

"எட்து பாரு பாப்பா. பாஷை இன்னான்னு நமக்குத் தெரியாது, படம் ஜோரா கீது" என்றார் கடைக்காரர்.

"எனக்குத் தெரியும்" என்றாள் அத்தை.

நான் நம்பினேன். அத்தை அப்பாவின் தங்கை, அஸ்தினாபுரத்தில் எங்களோடுதான் இருந்தாள். தோல் ஏற்றுமதி செய்யும் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். வெளிநாட்டுத் தபால்தலைகளைக் கிழித்து எனக்குக் கொண்டுவருகிறவளுக்கு உலகத்து பாஷையெல்லாம் தெரியாமல் இருக்குமா?

சனிக்கிழமை மத்தியானங்களில், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் நிழலில், அவள் படிக்க நான் கேட்பேன். வாத்தை அவள் சீக்கிரமே மறந்துபோனாள். ஸ்டேஷன் கடிகாரத்துக்குக் கீழே தனியாக நிற்கும் ஒரு நரியிடம் போய் நின்றுவிட்டாள். வெள்ளிக்கிழமைதோறும் நரி அங்கே கரடிக்காகக் காத்திருப்பாளாம். கரடி கணக்கு வாத்தியாராம். சட்டைக்கையில் எப்போதும் சாக்பீஸ் தூளாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் மணியடித்ததும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போவாராம். நரி வீட்டில் சாமி வேறு. வீட்டில் சொன்னால் வெட்டிப் போட்டுவிடுவார்களாம்.

"கொலை என்னாச்சு அத்தை?"

"இரு குட்டி, அதைக் கீரி பாத்துக்கும். மொதல்ல இவங்க ரெண்டு பேரும் ரயில் ஏறணும்ல?"

"ஏறிடுவாங்களா?"

அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வர்ற வெள்ளிக்கிழமை ஏறிடுவாங்க."

ஒரு வாரம் பொறுக்கிற வயதா அது? மறுநாள் மதியம், அத்தை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது, சோற்றைப் பிசைந்தபடி அப்பாவிடம் முழுக்கதையையும் கொட்டினேன். நான் என்ன பேசினாலும் 'ம்' போடுகிற அப்பா, அன்றைக்குத் தலைநிமிர்ந்து கேட்டார்.

"கரடிக்கு எந்த ஊரு?"

"சேலையூர்."

அம்மா சிரித்துவிட்டாள். "ஃபாரின் கரடிக்கு இங்க பக்கத்துச் சேலையூர்ல, கேம்ப் ரோட்டுல வீடாம்!"

எனக்கு அதில் எந்தச் சந்தேகமும் வந்ததில்லை. கரடி என்றால் எங்கேயாவது குடியிருக்கத்தானே வேண்டும்.

"எப்ப ரயில் ஏறுறாங்களாம்?" அப்பாவின் குரல் கீரியின் குரல் போலவே தணிந்திருந்தது. அவரும் கதைக்குள் வந்துவிட்டார் என்று எனக்கு ஒரே பெருமை.

"வர்ற வெள்ளிக்கிழமை!"

அப்பா பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினார்.

அந்த வெள்ளிக்கிழமை அத்தை வேலைக்குப் போகவில்லை. அதற்கப்புறம் எந்த வெள்ளிக்கிழமையும் போகவில்லை. மாடிக் கதவுக்குப் பூட்டு வந்தது. புத்தகம் எங்கே போனது என்று யாரும் சொல்லவில்லை. இரண்டு மாதத்தில் அவளை நாக்பூரில் ஒரு வீட்டுக்குக் கட்டிக்கொடுத்தார்கள்.

போன வருடம் என் மகள் அதே புத்தகத்தை, கிழியாத முழுப் புத்தகத்தை, இணையத்தில் தேடிப் பிடித்துக் கொடுத்தாள். இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு; படித்தேன். வாத்தைக் கொன்றது அதன் தம்பி. கரடி மூன்றே கட்டங்களில் வந்துபோகிற போலீஸ்காரர். நரியும் கரடியும் ஓரிடத்தில்கூடச் சந்திக்கவில்லை. நல்ல புத்தகம்தான். ஆனால் இத்தனை வருடம் பழைய புத்தகக் கடை கண்ட இடமெல்லாம் வண்டியை நிறுத்தி நான் தேடியது இதை இல்லை. சாக்பீஸ் தூள் இல்லாத ஒரு கரடியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

அந்த இன்னொரு புத்தகத்தின் கடைசிப் பக்கம் என்னிடம்தான் இருக்கிறது. அத்தை ஊருக்குப் புறப்பட்ட நாள். வாசலில் டாக்ஸி, உள்ளே பெட்டி கட்டுகிற சத்தம். நான் ரெயின்கோட்டும் தொப்பியுமாகப் போய் அவள் முந்தானையை இழுத்தேன்.

"கரடி ஸ்டேஷனுக்கு வந்துச்சா அத்தை?"

"வந்திருக்கும் குட்டி. நரிதான் போகல."

"ஏன் போகல?"

"வீட்டுல யாரோ சொல்லிட்டாங்க."

எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. "யாரு சொன்னது? கீரி கண்டுபிடிக்கலையா?"

"இல்ல."

"நான் கண்டுபிடிக்கிறேன் அத்தை. பெரியவளானதும் கண்டிப்பா கண்டுபிடிச்சு உங்கிட்ட சொல்றேன்."

அத்தை என் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். என் தொப்பியை நேராக்கினாள். ரெயின்கோட்டின் மேல் பொத்தான் கழன்றிருந்தது; அதை ரொம்ப நேரம் போட்டுக்கொண்டே இருந்தாள்.