சுண்டக் காய்ச்சிய தண்ணீர்

அஸ்தம்பட்டி அஸ்பியா படித்தது நுண்ணுயிரியல். தண்ணீரைக் கண்டால் போதும், இதில் என்ன கிருமி இருக்கிறதோ என்றுதான் அவள் புத்தி ஓடும். அந்தப் புத்தியோடுதான் சுற்றுச்சூழல் நச்சியல் ஆராய்ச்சியில் சேர்ந்தாள். வேதியியல், மருத்துவம், மண்ணியல் என்று ஆளுக்கொரு துறையிலிருந்து வந்தவர்களை ஒன்றாக உட்கார வைத்து, ஒருவர் துறையை மற்றவருக்குப் பழக்குவது அங்கே முறை. வேதியியல் கூடத்துக்கு அவள் முறை வருவதற்குள், என்ன அவசரமோ, மல்லசமுத்திரத்துக்குத் தண்ணீர் எடுத்துவர அனுப்பிவிட்டார்கள்.

கோழிப்பண்ணைகளுக்கு நடுவே மஞ்சுளாவின் வீடு. தாய்ப்பால் பற்றாததால், கைக்குழந்தை நித்யஸ்ரீக்குக் கிணற்றுத் தண்ணீரில் பால்பவுடர் கரைத்துக்கொண்டிருந்தாள். அஸ்பியாவால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? "நல்லா கொதிக்க வெச்சுக் குடுங்கக்கா. எவ்வளவு கொதிக்குதோ அவ்வளவு நல்லது" என்றாள். படித்த பெண் தன் குழந்தைக்காகச் சொல்கிறாளே என்று மஞ்சுளாவுக்கு மனசு நிறைந்துபோனது.

பிறகு வேதியியல் கூடத்தில் அந்தத் தண்ணீரை அஸ்பியாவே சோதித்தாள். கோழி எரு ஊறி இறங்கிய கிணறு. நைட்ரேட் எக்கச்சக்கமாக இருந்தது. கொதிக்க வைத்தால் இது போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் ஏறும், கைக்குழந்தை குடித்தால் உடம்பு நீலம் பாரித்துவிடும் என்று உடன்படிக்கும் பிரபாகர் சாதாரணமாகச் சொன்னான். அஸ்பியா உடனே மஞ்சுளாவுக்குப் போன் அடித்தாள். எடுக்கவில்லை. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பறந்தாள்.

வாசல் நிறையச் செருப்புகள். காலையில்தான் குழந்தையைப் புதைத்துவிட்டு வந்திருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் நீலம் பாரித்து அடங்கிவிட்டதாம்.

மஞ்சுளா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க சொன்னாப்பலயே பாதியாச் சுண்ட வெச்சுத்தானுங்க குடுத்தேன். இன்னுங் கொஞ்சம் கொதிக்க வெச்சிருக்கோணுமுங்களா?"

ஒன்றும் பேசாமல் திரும்பியிருக்கலாம், யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் பெற்றவள் தலையில் பழியைக் கட்டிவிட்டு எப்படிப் போவது? நீங்கள் செய்தது தப்பில்லை, நான் சொன்னதுதான் தப்பு என்று அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்.

மஞ்சுளா பிடித்த கையை விட்டாள். ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அப்பப் பச்சத்தண்ணியவே குடுத்திருந்தா எம்புள்ள பொழச்சிருக்குமுங்களா?"

பச்சைத்தண்ணீரிலும் அந்த நஞ்சு இருந்தது. பிழைத்திருக்கும் என்றும் சொல்ல முடியாது, பிழைத்திருக்காது என்றும் சொல்ல முடியாது.

"தெரியலைங்கக்கா" என்றாள் அஸ்பியா. அத்தனை படித்தும் அவளிடம் இருந்த உண்மை அவ்வளவுதான்.