மண்ணெண்ணெய் டின்னில் டேலியா

பினாங்கில் டேலியா வளராது. வேண்டுமானால் எழுதிக் கையொப்பமிட்டு முத்திரையும் குத்தித் தருகிறேன். கொடிமலை உச்சியில் வளரும். அங்கே குளிர் உண்டு. கீழே ஜார்ஜ்டவுன் வெயிலில் கிழங்கு முளைக்கும், இலை விடும், மொட்டும் வைக்கும். பிறகு தலையைத் தொங்கப்போட்டுவிடும். இது தெரிந்தும் போன மாதம் ஒரு தொட்டி வாங்கி வந்திருக்கிறேன். முப்பத்திரண்டு ஆண்டுகள் அரசாங்க அலுவலகத்தில் உட்கார்ந்து பிறருக்கு விதிகளை எடுத்துச் சொன்னவளுக்கு, ஓய்வு பெற்ற பிறகு ஒன்றையாவது மீறிப் பார்க்கலாம் என்று தோன்றாதா?

கீழே டேலியாவைப் பூக்க வைத்த ஒரே ஒரு மனிதரை எனக்குத் தெரியும். அவர் என் சித்தப்பா.

அப்போது எங்கள் வீடு டத்தோ கிராமாட்டில் இருந்தது. பலகை வீடு, தகரக் கூரை, பின்னால் துண்டு நிலம். அப்பாவின் தம்பியான சித்தப்பா கல்யாணம் செய்துகொள்ளாமல் எங்களோடு இருந்தார். மலைமேல் ஒரு பங்களாவில் தோட்டக்காரர் வேலை. காலையில் மலை ரயிலில் ஏறினால் மாலையில்தான் இறங்குவார். ஒருநாள் பங்களாவில் வேண்டாம் என்று ஒதுக்கிய ஆறு டேலியாக் கிழங்குகளைச் சோற்றுத் தூக்கில் போட்டுக் கொண்டுவந்து, ஆறு மண்ணெண்ணெய் டின்களில் நட்டார்.

அந்த ஆறு டின்களுக்கு எங்கள் வீட்டில் எனக்கிருந்ததைவிட மரியாதை அதிகம். மேலே சாக்குப் பந்தல். மதியம் நான் பள்ளி விட்டு வந்ததும் ஐஸ் கச்சாங் கடையில் உடைசல் ஐஸ் வாங்கி, தேங்காய் மட்டைக்கு அடியில் வேரைச் சுற்றி வைக்க வேண்டும். எனக்குச் சாப்பாடு அதற்குப் பிறகுதான். நான்கு செடிகள் அப்படியும் செத்தன. இரண்டு பிழைத்தன.

ஒரு காம்பில் மூன்று மொட்டு வரும். சித்தப்பா நடுவில் உள்ளதை விட்டுவிட்டு மற்ற இரண்டையும் நகத்தால் கிள்ளி எறிவார்.

"பாவம் சித்தப்பா."

"மூணையும் விட்டா மூணும் சூம்பிப் போயிரும். ஒண்ணு போதும்."

அந்த ஆண்டு வீட்டில் வேறொரு பேச்சும் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் எல்லோருடைய அடையாள அட்டையும் குடிமக்களுக்கான நீலம், சித்தப்பாவுடையது குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு. ஊரார் வரிசையில் நின்று நீல அட்டை வாங்கிய காலத்தில் அவர் இந்தியாவில் தன் அம்மாவின் கடைசி நாட்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது சிவப்பு அட்டைக்காரர்களுக்கு வேலை பெர்மிட் புதுப்பிக்கமாட்டார்கள் என்றார்கள். பெர்மிட் போனால் வேலை போகும். வேலை போனால் இந்தியாவுக்குக் கப்பல்தான். அதனால் அப்பா அவரைக் கடைத்தெரு அஞ்சடி நடைபாதையில் தட்டச்சு இயந்திரத்தோடு உட்கார்ந்திருக்கும் ரைட்டரிடம் அழைத்துப்போய்க் குடியுரிமைக்கு மனு எழுதவைத்துப் போட்டார். மனுவில் என்ன இருந்தது என்று சித்தப்பாவுக்குத் தெரியாது. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

நேர்காணலில் மலாயில் கேட்பார்கள், மலாயில் பதில் சொல்ல வேண்டும். வீட்டில் மலாய் ஒழுங்காகப் படித்தவள் பதினொரு வயதான நான் ஒருத்திதான். ஆகவே தினமும் மாலையில் டேலியா டின்களின் பக்கத்தில் பாடம் நடந்தது. அவர் மொட்டுக் கிள்ளிக்கொண்டே ஒப்பிப்பார். பள்ளியில் ஆசிரியரைச் சொல்வதுபோல என்னைச் 'சிக்கு' என்றே கூப்பிட்டார். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒருநாள் அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "சிக்கு, வெளிநாடு போயிருக்கியான்னு கேட்டா 'தியாடா'ன்னு சொல்லிட்டு வாய மூடிக்கணும்னு ரைட்டரு சொன்னாருலா."

தியாடா என்றால் இல்லை.

"நீங்க போனீங்கதானே?"

"போனேன்."

"அப்ப அது பொய். அதுவும் ஒரே வார்த்தை. ஒரே வார்த்தையில பதில் சொன்னா எங்க சிக்கு பாதி மார்க்குதான் குடுப்பாங்க. முழு வாக்கியமா சொல்லணும்."

சித்தப்பா கையில் இருந்த மொட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "அதுவும் சரிதான். பெத்தவளப் பாக்கப் போனத இல்லேன்னு சொல்ல எனக்கும் வாய் வரல."

நான் வாக்கியம் செய்து கொடுத்தேன். 'ஆமாம் ஐயா, நான் இந்தியா போயிருந்தேன், இரண்டு வருடம் மூன்று மாதம், நோயாளி அம்மாவைப் பார்த்துக்கொள்ள.' மலாயில் அது இன்னும் அழகாக இருந்தது. "யா துவான், சயா பெர்னா பாலேக் இந்தியா, டுவா தாவுன் தீகா பூலான்..." இரண்டு வாரம் செடிகளிடமே அதைச் சொல்லிப் பழகினார். மாதக் கணக்கை விட்டுவிட்டால் முதலிலிருந்து தொடங்கச் சொல்வேன்.

நேர்காணலன்று காலையில் பெரிய மொட்டு விரிந்திருந்தது. அடர் சிவப்பு, சாப்பாட்டுத் தட்டு அளவு.

"பறிச்சிட்டுப் போயி துவானுக்குக் குடுங்களேன்" என்றார் அம்மா.

"லஞ்சம்னு உள்ள தூக்கி வச்சிருவான்" என்றார் அப்பா. எல்லோரும் சிரித்தோம். அந்த வீட்டில் எல்லோரும் சேர்ந்து சிரித்ததாக எனக்கு நினைவிருக்கும் கடைசி நாள் அதுதான்.

மதியம் சித்தப்பா ஓட்டமும் நடையுமாக வந்தார். "சிக்கு! அதையும் கேட்டான். நிறுத்தாம சொன்னேன். 'பண்டாய்'னு சொல்லி, இன்னொரு வாட்டி சொல்லச் சொல்லி எழுதிக்கிட்டான்!"

பண்டாய் என்றால் கெட்டிக்காரன். நான் சுண்ணாம்புக்கட்டியால் டேலியா டின்னில் 100/100 என்று எழுதினேன்.

நேர்காணல் முடிந்து ஐந்தாம் மாதம் கடிதம் வந்தது. நான்தான் வாசித்தேன். மனு ஏற்கப்படவில்லை. காரணம் இல்லை. காரணம் சொல்லும் கடமை அரசாங்கத்துக்குக் கிடையாது. பின்னாளில் அதே வரியை நானே நூற்றுக்கணக்கான கடிதங்களில் தட்டச்சு செய்திருக்கிறேன். மனுப் போடுவதற்கு முந்திய பன்னிரண்டு ஆண்டுகளில் மொத்தம் பத்தாண்டாவது நாட்டில் இருந்திருக்க வேண்டும் என்பது விதி. சித்தப்பாவின் கணக்கு மூன்று மாதம் குறைந்தது. அதைவிட மோசம், மனுவில் அந்தக் கட்டத்தில் ரைட்டர் வேறு பதில் அடித்திருந்தார்.

சனிக்கிழமை மூவரும் ரைட்டரிடம் போனோம். அப்பா நடந்ததைச் சொல்லச் சொல்ல அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார்.

"பாரத்துல நான் தியாடான்னு அடிச்சிருக்கேன். இவரு அங்க போயி வருசம் மாசத்தோட ஒப்பிச்சிருக்காரு. ஒத்த வார்த்தண்ணே, ஒத்த வார்த்த! யாருய்யா உங்களுக்கு இந்தப் பாடம் சொல்லிக் குடுத்தது?"

நான் நிமிர்ந்து நின்றேன். கோபத்தில் கேட்கிறார் என்பது புரிந்தது. ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் நான் அல்லவா? 'நான்தான்' என்று வாய் திறப்பதற்குள் சித்தப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார். மொட்டுக் கிள்ளும் கை. வலித்தது.

"யாருமில்லீங்க. நானாத்தான் உளறிட்டேன்."

அப்பா அவர் பக்கம் திரும்பினார். "அறிவு இருக்காடா உனக்கு? சோத்ததானே திங்கிற?" போவோர் வருவோர் நின்று பார்க்கும்படி அஞ்சடியிலேயே திட்டினார். சித்தப்பா தலை குனிந்து நின்றார். என் கையை மட்டும் விடவில்லை.

அன்றிலிருந்து நான் அவரோடு பேசவில்லை. பெர்மிட் முடியும்வரை இரண்டு மாதம் பேசவில்லை. கிளம்புவதற்கு முதல் நாள் என் முதுகுக்குப் பின்னால் நின்று சொன்னார்: "மழைக்கு முன்ன கிழங்கத் தோண்டி, சாம்பல் தடவி, பேப்பர்ல சுத்தி வச்சிரு சிக்கு. ஈரத்துல விட்டுறாத." நான் திரும்பவில்லை. மறுநாள் எல்லோரும் துறைமுகத்துக்குப் போனார்கள். நான் வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டேன்.

ஊரில் அவருக்கு யாரும் இல்லை. தன் அம்மா செத்த வீட்டுக்குத்தான் போனார். மூன்றாம் ஆண்டு அவரும் அங்கேயே செத்தார் என்று கடிதம் வந்தது. அப்பா கடைசிவரை அவரை அறிவு கெட்டவன் என்றே நினைத்திருந்தார். நான் திருத்தவில்லை. திருத்த எத்தனையோ ஆண்டுகள் இருந்தன.

அவர் கிளம்பிய மாதமே மழை பிடித்துக்கொண்டது. அம்மா இரண்டு முறை சொன்ன பிறகு போய் டின்னைக் கவிழ்த்தேன். கிழங்குகள் குழைந்த சோறு மாதிரி விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தன. டின்னில் நான் எழுதிய நூறு, மழையில் பாதி அழிந்திருந்தது. கையைக் கழுவிக்கொண்டே, நன்றாக வேண்டும் என்று சொன்னது நினைவிருக்கிறது. பொய் சொல்லக்கூடாது என்று அத்தனை நாள் சொல்லிக் கொடுத்தும் என் கண்முன்னாலேயே பொய் சொன்னவர். பாடம் சொல்லிக் கொடுத்தவள் என்று எனக்குச் சேர வேண்டிய பெயரைத் தனக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டவர். அவர்மேல் அன்று எனக்கு இருந்த புகார் அவ்வளவுதான்.