பெட்டை வான்கோழிக்கு ஒரு பொம்மை

வேட்டையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டதுதான். நேரில் நான் துரத்திய ஒரே உயிர் கரப்பான்பூச்சி. அதிலும் பாதி நேரம் அதுதான் என்னைத் துரத்தியது. அப்படிப்பட்டவனிடம் வந்து ஒருவர் வான்கோழி பிடிக்க யோசனை கேட்டார் என்றால், அவருக்கு வேறு போக்கிடம் இல்லை என்று அர்த்தம்.

வளைகுடா நாட்டு அல் ஐனில் நான் கணக்கு எழுதிய கம்பெனியின் முதலாளிக்கு ஊருக்கு வெளியே ஒரு பேரீச்சந்தோட்டம் இருந்தது. அங்கே வேலை பார்த்தவர் பெரம்பலூர்ப் பக்கத்துக்காரர், என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவர். மரங்களுக்கு நடுவே யாருக்கும் தெரியாமல் இரண்டு பாத்தி அரைக்கீரை போட்டிருப்பார். வெள்ளிக்கிழமைகளில் அதற்காகவே போவேன்.

மனைவி வயிற்றில் பிள்ளையோடு இருந்தபோது விமானம் ஏறியவர். பெண் பிறந்து, நடந்து, பேசவும் ஆரம்பித்துவிட்டது. இன்னும் பார்க்கவில்லை. வீட்டுச் சுவரில் அவருடைய போட்டோ ஒன்று தாழ்வாக மாட்டியிருக்கிறதாம்.

"போட்டோவுக்குச் சோறு ஊட்டுது சார் எம்பொண்ணு. வாயிலேயே வச்சு அப்புதாம். கண்ணாடியத் தொடச்சு மாளலங்குறா வீட்ல" என்பார் சிரித்துக்கொண்டே. நானும் சிரிப்பேன். என் மகள் என்னோடுதான் இருந்தாள், ஆங்கிலத்தில்.

அந்த வருஷம் வசந்தத்தில் ஒருவழியாக அவருக்கு லீவு வந்தது. பெட்டி கட்டும் நேரத்தில் ஒரு தெருநாய் வேலியைப் பிய்த்துக்கொண்டு தோட்டத்துக்குள் புகுந்தது. முதலாளி விருந்தாளிகளுக்குக் காட்டி மகிழ ஒரு ஜோடி வான்கோழி வளர்த்துவந்தார். நாய் பெட்டையைக் கொன்றுவிட்டது. அதே ஓட்டை வழியாகச் சேவல் வெளியே போய்விட்டது. வேலியைப் பார்த்துக்கொள்வது பெரம்பலூர்க்காரரின் பொறுப்பு.

தோட்டத்து மேனேஜர் நீளமாகப் பேசுகிறவர் அல்ல. "அர்பாப் வெளியூரிலிருந்து வந்தால் முதலில் அதைத்தான் கேட்பார். சேவல் வரட்டும், அப்புறம் லீவு. கலாஸ்" என்று முடித்துவிட்டார். அர்பாப் என்றால் முதலாளி, கலாஸ் என்றால் அவ்வளவுதான்.

அன்றைக்கே தோட்டத்து ஆட்கள் எல்லாரும் "ஜல்தி, ஜல்தி" என்று கத்திக்கொண்டு சாக்கும் வலையுமாகத் துரத்தியிருக்கிறார்கள். அது பறந்துபோய் ஒரு முள்மரத்தின் உச்சியில் உட்கார்ந்துகொண்டது. அன்றிலிருந்து மனிதத் தலை தெரிந்தாலே ஓட்டம். ஆனால் தொலைவுக்கும் போகவில்லை. விடிந்ததும் வேலிக்கு வெளியே வந்து நின்று கொளகொளவென்று கூவும். உள்ளே இல்லாத பெட்டையைக் கூப்பிடுகிறது என்று பெரம்பலூர்க்காரர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"நீங்க நெறைய படிக்கிறவரு சார். எதாச்சும் வழி இருக்குமா?"

இப்படி ஒரு கேள்விக்கு 'தெரியாது' என்று சொல்லும் பழக்கம் எனக்குக் கிடையாது. பிரவுசிங் சென்டருக்குப் போய்த் தேடினேன். அமெரிக்காவில் வசந்தகால வான்கோழி வேட்டை என்பது கிட்டத்தட்ட ஒரு மதம் என்று தெரிந்தது. பறவையை ஏமாற்றி வரவழைக்க எந்தப் பொம்மையை வைப்பது, எங்கே வைப்பது, எப்படி உட்காருவது என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். பிரிண்ட் எடுத்து வீட்டில் உரக்கப் படித்தேன். பெட்டை எழுப்பும் சத்தத்தை வாயால் செய்தும் பார்த்தேன்.

"சாப்பிட்டது ஒத்துக்கலையா?" என்றாள் மனைவி சமையலறையிலிருந்து.

பொம்மைகளில் பல வகை. பெட்டைப் பொம்மை, இளஞ்சேவல் பொம்மை, தோகை விரித்த பெருஞ்சேவல் பொம்மை. வசந்தத்தில் சேவலுக்குப் போட்டிச் சேவலைக் கண்டால் ஆத்திரம் வருமாம், பாய்ந்து வருமாம். அந்த வரியிலேயே நான் விழுந்துவிட்டேன். அதற்கடுத்த வரியில், துரத்தப்பட்டு மிரண்டிருக்கும் பறவையின் முன் பெருஞ்சேவலை வைக்கக்கூடாது என்று எழுதியிருந்ததைப் படிக்கத்தான் செய்தேன். ஆனால் மனசு அதற்குள் பெயிண்ட் வாங்கப் போயிருந்தது.

நானும் பெரம்பலூர்க்காரரும் சேர்ந்து தெர்மாகோலில் ஒரு சேவல் செய்தோம். நம்மவர்களுக்கு உருவம் செய்யக் கொடுத்தால் சின்னதாக வருமா? எல்லைச்சாமிக்குப் பக்கத்தில் நிறுத்தலாம் போல அகன்ற மார்பு, உருட்டுவிழி, எனாமல் பெயிண்டில் ரத்தச் சிவப்புத் தலை. கண்பட்டுவிடும் என்று கன்னத்தில் ஒரு கரும்பொட்டு வேறு வைத்தார். வெயில் பட்டதும் கார் கண்ணாடி மாதிரி மின்னியது. நிஜச் சேவல் வேலியோரம் வந்தது, ஒரே ஒரு முறை பார்த்தது, திரும்பி ஓடியது. அடுத்த நாள் கூவல்கூடக் கேட்கவில்லை.

"போச்சு சார்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். "நேத்து போன்ல பொண்ணு, அப்பா நாளைக்கு வருமான்னு கேட்டுச்சு. நாளைக்குன்னா என்னன்னு அதுக்கு இன்னும் தெரியாது சார். அது ஒண்ணுதான் நிம்மதி."

இந்த முறை ஒரு வரி விடாமல் படித்துச் சொன்னேன். பெட்டைப் பொம்மை போதும். உட்கார்ந்த மாதிரி, தலை தாழ்ந்த மாதிரி இருக்க வேண்டும். பளபளப்பு ஆகாது. முதுகை மரத்தில் சாய்த்து உட்கார வேண்டும். அசையக்கூடாது, அதிகம் கூப்பிடக்கூடாது, பறவையின் கண்ணைப் பார்க்கக்கூடாது. பொம்மையைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்தால் பறவை பொம்மையைத்தான் பார்க்கும், ஆளைப் பார்க்காது.

சாக்கில் வைக்கோல் அடைத்து ஒரு பெட்டை செய்தார். செத்த பெட்டையின் இறகுகளை எதற்கென்று தெரியாமலே எடுத்து வைத்திருந்தாராம். அவற்றை ஒவ்வொன்றாகச் செருகினார். பேரீச்சங்குலையை மூடுகிற பச்சை வலையை மேலே கட்டி, கயிற்றின் நுனியைக் கையில் வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை விடியலில் அவர் ஒரு மரத்தில் சாய்ந்தார், நான் பின்னால் இன்னொன்றில். நான் அசையாமல் இருக்க முடிவு செய்த கணத்திலிருந்து உடம்பெல்லாம் அரித்தது.

சேவல் வந்தது. வேலி ஓட்டைக்குள் தலையை நீட்டி வெகுநேரம் நின்றது. பிறகு உள்ளே வந்தது. பொம்மையைப் பார்த்ததும் தோகையை விரித்து, சிறகைத் தரையில் உரசிக்கொண்டு மெல்லச் சுற்றி வந்தது. ஒரு சுற்று, இன்னொரு சுற்று. பிறகு தோகையை மடக்கிக்கொண்டு பொம்மைக்குப் பக்கத்தில் சும்மா நின்றது. வலைக்கு நேர் கீழே.

அவர் கயிற்றை இழுக்கவில்லை. இழுங்க தம்பி, இழுங்க என்று மனசுக்குள் கத்தினேன். அவர் கையைப் பார்த்தேன். நடுக்கமெல்லாம் இல்லை. அது இன்னும் கொஞ்சம் நிற்கட்டும் என்று விட்டு வைத்திருந்தார். அப்புறம் இழுத்தார்.

வலைக்குள் அது பெரிதாகத் துடிக்கவில்லை. கூண்டுக்குத் தூக்கிப் போகும்போது, "ஏமாத்திட்டோம் சார் பாவத்த" என்றார். நான் பிரிண்ட் எடுத்திருந்த பக்கங்களில் அதைப் பற்றி ஒன்றும் எழுதியிருக்கவில்லை. மேனேஜர் வந்து கூண்டைப் பார்த்தார், தலையை ஆட்டினார். லீவு கிடைத்தது. கிளம்புவதற்கு முன் பெரம்பலூர்க்காரர் சாக்குப் பெட்டையைக் கூண்டுக்குள் வைத்துவிட்டுப் போனார்.

அவர் ஊருக்குப் போன சில நாள் கழித்து ஆபீசுக்கு போன் வந்தது.

"சார், நாந்தான். பொண்ணு கிட்ட வர மாட்டேங்குது சார்."

"தூக்கிப் பார்த்தீங்களா?"

"வந்த அன்னைக்கே எல்லாரும் புடிச்சுக் கையில குடுத்தாங்க. அலறிருச்சு. அப்பா எங்கன்னு கேட்டா சொவத்துப் போட்டோவக் காட்டுது. அன்னைக்கு நம்மாளுங்க சேவலத் தொரத்துனாங்கல்ல, அந்த மாதிரி ஆயிப்போச்சு. இப்ப என்னயக் கண்டாலே ஓட்டம்."

எல்லாவற்றுக்கும் யோசனை வைத்திருக்கும் நான், மேஜை மேலிருந்த ஸ்டேப்ளரைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

"இப்ப என்ன பண்றீங்க?"

"சொவத்துல சாஞ்சு சும்மா உக்காந்திருக்கேன் சார். கூப்பிடல. அது பக்கம் பாக்குறதும் இல்ல."

"போட்டோ?"

"கழட்டிப் பக்கத்துல வச்சிருக்கேன். கை எட்டுற தூரந்தான்."

எங்கோ ஒரு பாத்திரம் உருண்ட சத்தம் கேட்டது. அவர் குரல் மூச்சளவுக்கு இறங்கியது.

"வக்கிறேன் சார். சோத்துத் தட்டோட வருது."

வைக்கிறேன் என்றாரே ஒழிய வைக்கவில்லை. கொலுசுச் சத்தம் கேட்டது, நின்றது, மறுபடி கேட்டது. ரிசீவரைக் காதில் வைத்தபடி நான் என் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.