கோது கிடந்த இடம்

கச்சான் கடலையின் கோது, துப்பாக்கி ரவையின் வெற்றுக் கோது. எங்கள் ஊரில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். அம்மாவின் தையல் மெசின் லாச்சிக்குள் பொத்தான்களோடு ஒரு ரவைக் கோதும் கிடந்தது. எங்கள் வீட்டு வளவில் வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் மாறிக்கொண்டிருந்த அண்ணை சூடு பட்டு விழுந்த அன்று அம்மா கொண்டுவந்து போட்டது.

செத்தவீட்டுக்கு வந்த எல்லோரிடமும் அம்மா ஒன்றையே சொன்னார்: "எங்கையோ தூரத்திலை சுட்ட வெடி. ஆளைத் தெரிஞ்சு சுட்டிருக்க மாட்டாங்கள்." கேட்கக் கேட்க எனக்கு எரிச்சல் வரும். ஆனாலும் அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் நானும் தங்கச்சியும் அந்த வீட்டில் இருந்தோம்.

பிறகு பொருளாதாரத் தடை வந்தது; தாளுக்கும் தட்டுப்பாடு. கடைக்காரர்கள் கிடைத்த தாளிலெல்லாம் சாமான்களுக்குச் சரை சுற்றினார்கள். ஒருநாள் மருதனார்மடச் சந்தியில் வாங்கிய கச்சான் சரையைப் பிரித்தால், ஏதோ பழைய ஆங்கிலச் சஞ்சிகையின் பக்கம். அதில் நெட்டையாக ஒன்றும் குட்டையாக ஒன்றுமாக இரண்டு ரவைகளின் படம். லாச்சியைத் திறந்து கோதை எடுத்துக் குட்டையின் மேல் வைத்தேன். அச்சொட்டாகப் பொருந்தியது.

எண்ணெய் ஊறிய எழுத்துகளைக் கூட்டி வாசித்தேன். நெட்டை ரவை கண்ணுக்கு எட்டாத தூரம் போகுமாம். ஆனால் யுத்தத்தில் ஆளை ஆள் சுடுவது பெரும்பாலும் கிட்டத்தில்தானாம். அதற்கு எதற்கு இவ்வளவு வெடிமருந்து, இவ்வளவு பாரம் என்று படித்த மனிதர்கள் இருந்து யோசித்துக் கோதைக் கட்டையாக்கினார்களாம். சிப்பாய் கூடக் கொண்டுபோகலாம், விடாமல் சுடலாம்.

"உங்கடை மூளையிலை கொள்ளி வைக்க!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். கிட்டம் என்றால் அண்ணையின் முகம் தெரிகிற கிட்டம்.

சத்தம் கேட்டு அடுப்படியிலிருந்து அம்மா வந்தார்.

"என்ன பிள்ளை, என்னவாம் உதிலை?"

"இது தூரத்துக்குச் சுடுற ரவையாம், அம்மா." வாசித்ததை மாற்றிச் சொன்னேன்.

அவர் என் கையிலிருந்து கோதை வாங்கினார்.

"சுடுறவன் நிக்கிற இடத்திலைதான் கோது விழும். இதை நான் எங்கை பொறுக்கினனான் எண்டு நினைக்கிறாய்? கிணத்தடி வேலிக்குள்ளை. அங்கை நிண்டு வாளியை எறிஞ்சா உன்ரை அண்ணை கிடந்த இடத்திலை விழும்."

"ஐயோ அம்மா! பிறகேன் அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"நீங்கள் ரெண்டு பேரும் இந்த வீட்டிலை நித்திரை கொள்ள வேண்டாமோ?"

கோதை லாச்சிக்குள் போட்டு மூடினார். அன்று மத்தியானம் பாயில் சரிந்தவர் அயர்ந்து தூங்கிவிட்டார். அண்ணை போன பிறகு அவர் அப்படித் தூங்கி நான் கண்டதில்லை. நான் யன்னலால் கிணற்றடி வேலியைப் பார்த்துக்கொண்டு முழித்திருந்தேன்.