விரல்களுக்கு நடுவில்

என் கையெழுத்து கோழி கிளறியது போல் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பிழைகளும் இருக்கும். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

உதட்டருகே இரண்டு விரல்களை வைத்து நிற்கும் அண்ணாச்சியின் கைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. எண்பதுகளில் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் இருவரும் வேலை பார்த்தோம். மிஷின் இரைச்சலில் பேச்சு கேட்காது, எல்லாம் சாடைதான். ஒருநாள் மதியம் பஞ்சு அறையில் தீப்பிடித்தது. யாருக்கும் காயமில்லை, ஆனால் பஞ்சு நிறைய எரிந்துபோனது. அந்த அறை அண்ணாச்சியின் பொறுப்பு.

"ஏலே, நீதான எதுத்தாப்புல நின்னே. என்னலே பாத்தே?" என்றார் மேஸ்திரி.

"அண்ணாச்சி கையில பீடி இருந்துச்சு" என்றேன். நான் பொய் சொல்லவில்லை. அதன் நுனியில் இருந்த கனல்கூட எனக்குத் தெரிந்தது. "கையில ஒண்ணுமே இல்லய்யா" என்று அவர் சத்தியம் செய்தார். அதிகம் பேசாதவன் பொய் சொல்லமாட்டான் என்று என்னை நம்பினார்கள். அண்ணாச்சிக்கு வேலை போனது.

தொண்ணூறுகளில் ஒருநாள் என்னிடம் பீடி தீர்ந்துவிட்டது. எதிர் வரிசைக்காரனைப் பார்த்து உதட்டருகே இரு விரல்களை வைத்து, 'பீடி இருக்கிறதா' என்று சாடை காட்டினேன். அவன் இல்லையென்று தலையாட்டினான். என் கை அப்படியே நின்றுவிட்டது. அன்று அண்ணாச்சியும் என்னிடம் இதைத்தான் கேட்டார். நானும் இப்படித்தான் தலையாட்டினேன். பீடி இல்லாததால்தானே கேட்டார்? தீயைக் கண்ட பிறகு, நான் தலையாட்டியதை என் மனம் உதறிவிட்டு, வெறும் விரல்களுக்கு நடுவில் ஒரு பீடியைச் செருகிக்கொண்டது.

விசாரித்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். அண்ணாச்சி சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"வாலே, ஊமையா! இப்பவாச்சும் வாயத் தொறப்பியா?"

திக்கித் திக்கி எல்லாவற்றையும் சொன்னேன். டியூபைத் தண்ணீரில் அமுக்கியபடியே கேட்டுவிட்டு அவர் சொன்னார்.

"மொதல்ல நானும் இல்லன்னுதாம்லே சொன்னேன். பொறவு நெனைக்க நெனைக்க, விரல்ல பீடி சுட்டது கூட ஞாபகம் வருது. நீ பாத்ததுதான் சரி."

"இல்ல அண்ணாச்சி, நான் பாக்கல."

"அத இப்ப வந்து சொன்னா, எனக்கு எப்படிலே மறக்கும்?" என்று சிரித்தார்.

அவர் இப்போது இல்லை. கண்ணை மூடினால் இன்றும் அந்தக் கை பீடியோடுதான் வருகிறது. அதனால்தான் எழுதி வைக்கிறேன்: அந்த விரல்களுக்கு நடுவில் ஒன்றும் இல்லை.

எழுதியது, ஆடிப்பூரத்துக்கு மறுநாள்.