சுவருக்குப் பின்னால் ஒரு பலகை

போன சனிக்கிழமை ஃபேரர் பார்க்கில் ஒரு சாப்பாட்டுக் கடை. எதிரில் நசீர். தட்டில் முட்டை பரோட்டா ஆறிக்கொண்டிருந்தது. அவன் தொடவே இல்லை.

“அந்தச் சுவரை அடைச்சுட்டாங்க” என்றான்.

எந்தச் சுவர்? சொல்கிறேன்.

நீங்கள் வீடியோ கேம் ஆடாதவரா? பரவாயில்லை. எல்லா கேமிலும் நம்மைப் போகவிடாத இடங்கள் உண்டு. மலை தெரியும், ஏற முடியாது. கதவு இருக்கும், திறக்காது. ஆனால் எங்கேயாவது ஒரு இடுக்கு விட்டுப்போயிருக்கும்... அதைத் தேடிப்பிடித்து அந்தப் பக்கம் நழுவுவதுதான் என் போன்றவர்களின் போதை. கண்டுபிடித்ததும் என்ன செய்வோம்? வீடியோ எடுத்து ஊருக்கே சொல்வோம்! முதலில் சொன்னவன் யார் என்பதில்தான் எங்கள் மானமே இருக்கிறது.

நசீர் என்னோடு பாலிடெக்னிக்கில் படித்தவன். அவனும் அவன் அண்ணன் ரஃபீக்கும் பல வருடமாக ஒரே ஆன்லைன் கேமை ஆடினார்கள். அதில் ஒரு அருவி, அதன் பின்னால் பாறைச் சுவர். ஒரு மூலையில் குனிந்தபடியே குதித்தால் சுவருக்குள் புகுந்துவிடலாம். உள்ளே ஒன்றுமே கிடையாது — சாம்பல் நிறத் தரை மட்டும். வானம்கூட இல்லை. அண்ணனும் தம்பியும் அங்கே மரப்பலகைகளை நட்டு, ஒருவருக்கொருவர் எழுதிவைப்பார்கள்.

ரஃபீக் போன வருடம் இறந்துபோனார். ரத்தப் புற்றுநோய். ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருந்தபடி அவர் கடைசியாக நட்ட பலகையில் இவ்வளவுதான் இருந்தது: ‘தம்பி, நாளைக்கு வர்றேன். என்னை விட்டுட்டு முன்னாடி போயிடாதே.’

இரண்டு மாதம் முன்பு நசீர் என்னை உள்ளே கூட்டிப்போய்க் காட்டினான். அண்ணனை அவர்கள் வீட்டில் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். “காக்கா எழுதினது. யார்கிட்டயும் சொல்லாதே டா” என்றான்.

சொல்லவில்லை — பலகையைப் பற்றி! சுவரைப் பற்றி மட்டும் சொன்னேன். பலகைகள் தெரியாதபடி வெட்டி, நுழையும் வழியை மட்டும் வீடியோவாகப் போட்டேன். நாகரிகம் தெரிந்தவன் அல்லவா?

கூட்டம் கூட்டமாக உள்ளே போனார்கள். கேம் கம்பெனி கவனித்தது. அடுத்த அப்டேட்டில் சுவர் கெட்டியாகிவிட்டது. உள்ளே இருந்ததெல்லாம் அழிந்தது.

“போட்டோ எடுத்து வைக்கலையா டா?” என்றேன். கேட்டிருக்கக் கூடாது.

“எதுக்கு? வேணும்னா போய்ப் பார்த்துட்டு வருவேன் லா. போட்டோ எடுத்தா... எல்லாம் முடிஞ்சு போச்சுன்னு ஆயிடும்ல?”

“சாரி டா.”

“உன் வீடியோ நல்லா ஓடுச்சா?”

கிண்டல் போலத்தான் கேட்டான். பதிலுக்குக் காத்திருக்காமல் எழுந்து போய்விட்டான். அதன் பிறகு என் போனை எடுக்கவில்லை.

கம்பெனிக்கு நீளமாக ஒரு மெயில் அனுப்பினேன். அந்த ஒரே ஒரு பலகையையாவது திருப்பித் தர முடியுமா என்று கெஞ்சினேன். மூன்றாம் நாள் பதில் வந்தது. அழித்ததை மீட்க முடியாதாம். கூடவே, கேமில் இருந்த பிழையைக் கண்டுபிடித்து உதவியதற்காக எனக்கு நன்றியாம், கேமில் ஒரு பதக்கமும் பரிசாம்!

இப்போது கேமில் நான் எங்கே போனாலும் என் தலைக்கு மேல் ஒரு தங்கப் பதக்கம் மின்னுகிறது. அதைக் கழற்ற ஏதாவது வழி இருக்கிறதா என்று எல்லா இடுக்கிலும் தேடிவிட்டேன் — இல்லை.